தோசைக்கல்லில் வெந்தது கொரியா!



"கேக், பன் எல்லாம் பேக்கரியில் வாங்குகிற சமாச்சாரம். வீட்டில் செய்யணும்னா ஓவன் வேணும், பேரே வாயில் நுழையாத சாமான் எல்லாம் வேணும். நமக்கு எதுக்கு அந்த வம்பு?" என்று சொல்பவர்கள்தான் நம்மில் அதிகம். அதிலும் வெளிநாட்டுப் பலகாரம் என்றால் கேட்கவே வேண்டாம். "அதெல்லாம் பணக்காரங்க வீட்டு விஷயம்" என்று ஒதுங்கிவிடுகிறோம். எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. தோசைக்கல், இட்லிப் பானை, பழைய அலுமினியச் சட்டி ஒன்று, இவ்வளவுதான். இவற்றை வைத்துக்கொண்டே கொரியாப் பலகாரமும் ஜப்பான் கேக்கும் செய்து பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். அந்த அனுபவத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம்.

நான் பிளஸ் டூ வரை படித்த சாதாரணக் குடும்பப் பெண். ஒரகடத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் குடியிருக்கிறோம். கணவர், மாமியார், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகன். இதுதான் எங்கள் குடும்பம்.

எங்கள் பக்கம் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். 1996ல் ஹூண்டாய் கம்பெனி இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998ல் அங்கிருந்து சான்ட்ரோ கார் வெளியே வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் பிரான்ஸ் நாட்டுக்காரர்களின் கண்ணாடித் தொழிற்சாலை வந்தது. 2006ல் வந்த நோக்கியா போன் தொழிற்சாலை 2014ல் மூடப்பட்டது. 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் தொழிற்சாலை, 2012ல் ஜெர்மனிக்காரர்களின் லாரி தொழிற்சாலை. இப்படி வரிசையாக வந்ததில் கடைப் பலகைகளிலும் கொரிய எழுத்து ஏறிவிட்டது. நம் வீட்டு ஆண்களும் பெண்களும் கொரியாக்காரர், ஜப்பான்காரர், ஜெர்மனிக்காரர் நடத்தும் கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள். ஆனால் அவர்கள் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று நாம் என்றாவது யோசித்ததுண்டா? நானும் யோசித்ததில்லை, என் மகள் கேட்கிற வரைக்கும்!

ஷிப்ட் வீடு

முதலில் எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷினில் நிற்பவர். ஒரு வாரம் காலை ஷிப்ட், மறு வாரம் மதிய ஷிப்ட், அதற்கடுத்த வாரம் ராத்திரி ஷிப்ட். காலை ஷிப்ட் என்றால் விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். மதிய ஷிப்ட் என்றால் வீடு திரும்ப நடுராத்திரி. ராத்திரி ஷிப்ட் வாரமோ கேட்கவே வேண்டாம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அவர் வந்து படுப்பார். பகலெல்லாம் ஜன்னலுக்குப் போர்வை கட்டி, குக்கர் விசில்கூட வராமல் பார்த்துக்கொள்வேன். பிள்ளைகள் வீடு திரும்பி, டியூஷனும் முடிந்து உட்காரும் நேரத்தில் அவர் பஸ்ஸுக்கு நிற்பார்.

ஐந்து பேர் உள்ள வீட்டில் நாலு வேளைக்கு நாலு பந்தி! ஒருவர் தட்டு கழுவி முடிப்பதற்குள் இன்னொருவருக்குச் சாப்பாடு. என் மகன் அப்பாவிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் நோட்டுத் தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைப்பான். "அப்பா, ரேங்க் கார்டில் கையெழுத்து." "அப்பா, சைக்கிள் செயின் கழண்டுடுச்சு." ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு அப்பாவுக்கும் பிள்ளைக்கும் கடிதப் போக்குவரத்து! படிக்கும்போது சிரிப்பாக இருக்கும். அடுப்படிக்குள் வந்தபிறகு அழுகை வரும். இந்தப் பக்கத்தில் ஷிப்ட் வேலைக்காரர் வீட்டுப் பெண்கள் பலருக்கும் இதேதான் கதை.

இன்னொரு பக்கம் என் மாமியார். ஏரிப் பாசனத்தில் நெல்லும் வேர்க்கடலையும் போட்டுக்கொண்டிருந்த குடும்பம். நிலம் தொழிற்பேட்டைக்குப் போனது. பணம் வந்தது, வீடு கட்டினார்கள், மிச்சம் இரண்டு நாத்தனார்களின் கல்யாணத்தில் கரைந்தது. நாற்று நட்ட கை இப்போது டி.வி. ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கம்பெனி என்ற பேச்சை எடுத்தாலே அத்தைக்குப் பிடிக்காது. "அவன் வந்துதானே நம்ம நெலம் போச்சு" என்பார்கள். நான் மறுத்துப் பேசியதில்லை. மகன் சம்பாதிப்பதும் அங்கேதான் என்பது அவர்களுக்கும் தெரியும்.

ஆயாவின் கைப்பக்குவம்

என் மகள் செல்போனில் கொரியா சீரியல் பார்ப்பவள். அந்த எழுத்தைக்கூடக் கற்றுக்கொண்டு, பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளை வாசித்துக்காட்டுவாள். ஒருநாள், "அம்மா, சீரியல்ல குளிர்ல தெருவோரம் நின்னு ஹோட்டோக்னு ஒண்ணு சாப்பிடறாங்கம்மா. நம்ம வீட்ல செய்யலாமா?" என்று கேட்டாள். எப்படிச் செய்கிறார்கள் என்று வீடியோவில் காட்டினாள். பார்த்தால், மாவு பிசைந்து, உள்ளே வெல்லம் மாதிரி ஒன்றை வைத்து மூடி, தட்டையாக அழுத்திக் கல்லில் சுடுகிறார்கள். "அடியே, இது நம்ம போளிடி!" என்றேன்.

வித்தியாசம் ஒன்றுதான். போளிக்கு மாவை எண்ணெயில் ஊறவைப்போம். இதற்கு ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைக்கிறார்கள். சீன வியாபாரிகள் மூலம் கொரியாவுக்குப் போன பலகாரம் இது என்கிறார்கள்.

செய்முறை: மைதா 2 கப் (ஒரு கப் மைதா, ஒரு கப் கோதுமை மாவு என்றும் போடலாம்), இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1 டீஸ்பூன், சர்க்கரை 1 டேபிள்ஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு கப்பில் கொஞ்சம் குறைய. கோதுமை மாவு கலந்தால் தண்ணீர் சற்று கூடுதலாக இழுக்கும். விரல் விட்டால் சுடக்கூடாது. குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீர்ச் சூடு போதும். அதற்கு மேல் சூடு போனால் ஈஸ்ட் செத்துவிடும், மாவு எழும்பாது. ஈஸ்ட் பழசா என்று சந்தேகமாக இருந்தால் கொஞ்சம் தண்ணீரில் சர்க்கரையோடு போட்டுப் பத்து நிமிஷம் வையுங்கள். நுரைத்து வந்தால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

மாவைச் சப்பாத்திக்குப் பிசைவதைவிடத் தளர்வாகப் பிசைந்து, மூடி வைக்க வேண்டும். வீடியோவில் இத்தனை மணி நேரம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அது அவர்கள் ஊர்க் குளிருக்கு. நம்ம வெயிலுக்கு ஒரு மணி நேரத்திலேயே இரண்டு மடங்காகிவிடும். சித்திரை, வைகாசியில் அதற்கும் முன்னாடியே!

இந்த இடத்தில்தான் அத்தை எழுந்து வந்தார்கள். "கம்பெனிக்காரன் ஊர்ப் பலகாரம் நமக்கு எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே வந்தவர்கள், மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்கள். விரலை மாவில் அழுத்தினார்கள். பள்ளம் விழுந்த இடம் சட்டென்று எழும்பிக்கொண்டது. "இன்னும் ஆவலை. அரை நாழி உடு. அழுத்துன பள்ளம் மெதுவா எழும்பணும். அப்பத்தான் பக்குவம்" என்றார்கள். பள்ளிக்கூடம் பக்கமே ஒதுங்காத மனுஷி! பிறகு என் மகள் தேடிப் பார்த்துச் சொன்னாள், பேக்கரித் தொழில் படிப்பவர்களுக்கும் இதே விரல் பரீட்சையைத்தான் சொல்லித்தருகிறார்களாம். ஐம்பது வருஷம் இட்லி மாவும் ஆப்ப மாவும் கரைத்த கைக்கு யார் பாடம் சொல்ல வேண்டும்?

உள்ளே வைக்க நாட்டுச்சர்க்கரை அரை கப், வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்த வேர்க்கடலை 2 டேபிள்ஸ்பூன், வறுத்த வெள்ளை எள் 1 டேபிள்ஸ்பூன், பட்டைத்தூள் ஒரு சிட்டிகை. கையில் எண்ணெய் தொட்டுக்கொண்டு, எலுமிச்சையைவிடப் பெரிய உருண்டை எடுத்து, கிண்ணம் போலக் குழித்து, பூரணம் வைத்து இறுக்கமாக மூடவும். தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு, மூடிய பக்கம் கீழே இருக்கும்படி போடவும். அடிப்பக்கம் லேசாகச் சிவந்ததும் திருப்பி, அடி தட்டையான டம்ளரில் எண்ணெய் தடவி அழுத்த வேண்டும். தீ மிதமாக இருக்கட்டும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. என் கணவர் தூங்கி எழுந்து வந்தார். டம்ளரைக் கையில் கொடுத்தேன். "வாரம் பூரா அங்க பிரஸ்ஸு. இங்கயும் பிரஸ்தானா?" என்று சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றையும் கச்சிதமாக அழுத்தினார். எட்டும் ஒரே அளவு! பூரணம் வைத்தது மகள், எள் வறுத்தது மகன், பக்குவம் பார்த்தது ஆயா. ஐந்து பேரும் அடுப்பைச் சுற்றி நின்று, சுடச்சுட ஊதி ஊதிச் சாப்பிட்டோம். (சின்னக் குழந்தைகளுக்கு ஆறவைத்துக் கொடுங்கள். உள்ளே இருக்கும் பாகு கொதிக்கக் கொதிக்க இருக்கும், நாக்கு வெந்துவிடும்.) எத்தனை மாசத்துக்குப் பிறகு இப்படி ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஒரே அடுப்படியில் நின்றோம் என்று எனக்கு நினைவில்லை. அன்றிலிருந்து, அவருக்கு ஓவர்டைம் இல்லாத ஞாயிறு என்றால் ஒரு புதுப் பலகாரம் என்பது எங்கள் வீட்டில் சட்டமாகிவிட்டது.

இட்லிப் பானையில் பன்

அடுத்தது ஜின்பாங். 'ஜின்' என்றால் ஆவியில் வேகவைத்தது, 'பாங்' என்றால் ரொட்டி. ஆவியில் வேகும் பன். உள்ளே அட்சுகி என்ற சிவப்புப் பயறை வேகவைத்து, இனிப்புச் சேர்த்து மசித்து வைப்பார்கள். நமக்கு எதற்கு அட்சுகி? காராமணி அதற்கு ஒன்றுவிட்ட உறவு. பாசிப்பயறும் அதே குடும்பம்தான்.

காராமணியை ஐந்தாறு மணி நேரம் ஊறவைத்துக் குக்கரில் குழைய வேகவிட்டு, வெல்லம், ஏலக்காய் சேர்த்துக் கெட்டியாகக் கிளறிக்கொள்ளுங்கள். கொழுக்கட்டைப் பூரணம் பதம்தான். மேலே சொன்ன அதே மாவை, தண்ணீர் முக்கால் கப்பாகக் குறைத்துக் கெட்டியாகப் பிசைந்து புளிக்க விடுங்கள். பத்து உருண்டை பிடித்து, பூரணம் வைத்து மூடி, ஒவ்வொன்றையும் சின்ன வாழை இலைத் துண்டின்மேல் வைத்து, இன்னும் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். இந்த இரண்டாவது ஓய்வு முக்கியம். பஞ்சு மாதிரி வருவதே இதனால்தான். பிறகு இட்லிப் பானையில் 12 முதல் 15 நிமிஷம்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். மூடியில் சேரும் ஆவித் தண்ணீர் பன் மேலே சொட்டினால் அந்த இடம் கொழகொழவென்று ஆகிவிடும். மூடியைத் துணியால் கட்டிவிட்டால் தண்ணீர் துணியிலேயே நின்றுவிடும். துணி நுனி தீயில் படாமல் மேலே முடிந்துகொள்ளுங்கள். இன்னொன்று, அடுப்பை அணைத்த உடனே திறக்காதீர்கள். இரண்டு நிமிஷம் பொறுத்துத் திறந்தால் பன் சுருங்காது.

கொரியாவில் அரிசி மாவை அரிசிக் கள்ளில் புளிக்கவைத்து ஆவியில் வேகவைக்கும் பலகாரமும் ஒன்று உண்டாம். கோடைக்காலத்தில் சீக்கிரம் கெட்டுப்போகாது என்று அதைச் செய்வார்களாம். இதைக் கேட்டதும் அத்தை, "ஆப்பத்துக்குக் கள்ளு ஊத்திப் புளிக்க வெச்ச மாதிரிதானே?" என்றார்கள். அதே முறைதான்! அவ்வளவு தூரம் போவானேன்? நம்ம காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியை நினைத்துப் பாருங்கள். மிளகு, சீரகம், சுக்குப் போட்ட மாவை மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் ஊற்றி ஆவியில் வேகவைத்து, துண்டு போட்டுத் தருகிறார்கள். அது நம்ம ஜில்லாவின் கேக் இல்லாமல் வேறென்ன?

மணல் சட்டியில் ஜப்பான் கேக்

"ஓவன் இல்லாமல் கேக்கா?" என்பீர்கள். பொரி வறுப்பவர்களும் கடலை வறுப்பவர்களும் எதில் வறுக்கிறார்கள்? மணலில்தானே! மணல் மெதுவாகச் சூடேறும், சூட்டைச் சீராகப் பிடித்துக்கொள்ளும், அடி தீய விடாது. அந்த யோசனைதான் இது.

அடி கனமான பழைய சட்டியில் கழுவிக் காயவைத்த மணலையோ கல்லுப்பையோ ஒரு அங்குல உயரத்துக்குப் பரப்பி, மேலே ஒரு இரும்பு வளையம் வைத்து, இறுக்கமான மூடி போட்டுப் பத்து நிமிஷம் மிதமான தீயில் காயவிடுங்கள். குக்கரில் செய்பவர்கள் ரப்பர் வளையம், வெயிட் இரண்டையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். தினசரி பருப்பு வேகும் குக்கரை இதற்குக் காயவைத்துக் கெடுக்காமல், பழைய பாத்திரம் ஒன்றை ஒதுக்கிவிடுவது நல்லது.

நாங்கள் செய்வது கஸ்தேரா என்ற ஜப்பான் கேக். வெண்ணெய் கிடையாது, பேக்கிங் பவுடர் கிடையாது, சோடா கிடையாது. முட்டையில் அடித்து ஏற்றும் காற்றுதான் அதைத் தூக்குகிறது. முட்டை 4, சர்க்கரை அரை கப், மைதா முக்கால் கப், தேன் 1 டேபிள்ஸ்பூன், பால் 1 டேபிள்ஸ்பூன்.

முட்டையையும் சர்க்கரையையும் ஒரு பாத்திரத்தில் போட்டு, அந்தப் பாத்திரத்தை வெந்நீரில் வைத்துக்கொண்டு அடிக்க வேண்டும். லேசான சூட்டில் முட்டை நன்றாகப் பொங்கும். கையால் அடித்தால் இருபது நிமிஷமாவது ஆகும். மத்தைத் தூக்கினால் கோலமாவு இழை மாதிரி விழ வேண்டும். விழுந்த இழை சில நொடி அழியாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம். பிறகு தேன், பால் கலந்து, மைதாவை மூன்று தடவையாகச் சலித்துப் போட்டு, கரண்டியால் அடியிலிருந்து மேலாக மெல்லப் புரட்டுங்கள். இங்கே போட்டு அடித்தால் ஏற்றிய காற்றெல்லாம் இறங்கிவிடும். ரொட்டி மாவை எவ்வளவு பிசைகிறோமோ அவ்வளவு நல்லது. மைதாவில் இருக்கும் பசைச் சத்து இழைகளாகச் சேர்ந்து காற்றைப் பிடித்துக்கொள்ளும். கேக்குக்கு அந்தப் பசை வேண்டாம், அதனால் அதிகம் கிளறக்கூடாது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதி பேக்கரி வேலை புரிந்த மாதிரி!

வெண்ணெய்த் தாள் போட்ட பாத்திரத்தில் ஊற்றி, மணல் சட்டிக்குள் வைத்து, தீயைக் குறைத்து 35 முதல் 40 நிமிஷம். அரை மணி நேரம் மூடியைத் திறக்கவே கூடாது. குச்சியால் குத்திப் பார்த்தால் ஒட்டாமல் வர வேண்டும். அன்றே சாப்பிடலாம். மூடி வைத்து மறுநாள் சாப்பிட்டால் இன்னும் மிருதுவாக இருக்கும்.

முட்டை அடிக்கும் வேலை என் கணவருக்கு என்று மகன் எழுதிவைத்துவிட்டான். இப்போதெல்லாம் ஃபிரிட்ஜ் கதவில், "அப்பா, ஞாயித்துக்கிழமை நீங்கதான் முட்டை அடிக்கணும். ஓவர்டைம் போகாதீங்க" என்று தாள் ஒட்டியிருக்கிறது. ஓவர்டைம் பணம் எங்களுக்குத் தேவைதான். இருந்தாலும் மாசத்தில் ஒரு ஞாயிறாவது அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறார்.

முட்டை சேர்க்காத வீடுகளில் ரவையும் தயிரும் சோடாவும் போட்டுக் கேக் செய்யலாம். சோடா தனியாக வேலை செய்யாது. தயிர், எலுமிச்சை போலப் புளிப்பு ஏதாவது இருந்தால்தான் பொங்கும். பேக்கிங் பவுடரில் அந்தப் புளிப்பு ஏற்கெனவே கலந்திருக்கும். அதனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை அதே அளவு போட்டுவிடாதீர்கள்.

பாண், பாவ், பாங்!

இந்தக் கஸ்தேரா ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்தது இல்லையாம்! பதினாறாம் நூற்றாண்டில் நாகசாகித் துறைமுகத்துக்கு வந்த போர்ச்சுக்கீசியர்கள் கொண்டுவந்ததாம். அதே போர்ச்சுக்கீசியர்கள்தான் நம்ம கரைக்கும் வந்தார்கள். ஜன்னல், சாவி, அலமாரி, மேஜை எல்லாம் அவர்கள் விட்டுப்போன வார்த்தைகள். ரொட்டிக்கு அவர்கள் சொன்ன வார்த்தைதான் கோவாவிலும் பம்பாயிலும் பாவ், இலங்கைத் தமிழர்களிடம் பாண், ஜப்பானில் பான், கொரியாவில் பாங் ஆனது. மிளகாயும் அவர்கள் கப்பலில் வந்ததுதான். கொரியாவின் சிவப்புக் காரத்துக்கும் நம்ம வத்தக்குழம்பின் காரத்துக்கும் ஒரே தாய்வீடு.

தூத்துக்குடி மக்ரூனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் பாதாம் போட்டுச் செய்தது. நம்மவர்கள் முந்திரியைப் போட்டார்கள். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான். இன்று அது தூத்துக்குடிச் சொத்து! 1883ல் கேரளத்துத் தலச்சேரியில் மம்பள்ளி பாபு என்பவர் ஒரு வெள்ளைக்காரர் கொடுத்த மாதிரியைப் பார்த்துக் கிறிஸ்துமஸ் கேக் செய்தார். அவர் சேர்த்தது சீமைச் சாராயம் இல்லை, உள்ளூரில் பழத்தில் காய்ச்சியதுதான் என்கிறார்கள். பிரான்ஸ் நாட்டில் காய்ந்துபோன ரொட்டியைப் பாலிலும் முட்டையிலும் நனைத்துச் சுட்டு, 'வீணாய்ப்போன ரொட்டி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதுவும் நம்ம பாம்பே டோஸ்ட்டும் ஒன்றுதான்! கையில் இருப்பதை வைத்துச் சமாளிப்பது எல்லா ஊர்ப் பெண்களுக்கும் வந்த கலை. ஆகவே காராமணி போட்டால் அது கொரியாப் பலகாரம் ஆகுமா என்ற கவலையே வேண்டாம்.

இதையெல்லாம் மகள் படித்துச் சொல்லச் சொல்ல, அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில், "அவன் ஊர்லயும் மாவு பொங்கறதுக்குக் காத்துக்கினுதான் கெடக்கறாளுங்க" என்றார்கள். கம்பெனி மேல் உள்ள வருத்தம் அவர்களுக்கு இன்னும் போகவில்லை. அது போகவும் போகாது. போன நிலம் போனதுதானே! ஆனால் அந்த ஊர்ப் பெண்கள்மேல் அத்தைக்கு இப்போது கோபம் இல்லை. ஞாயிறு காலையில் எனக்கு முன்னால் எழுந்து மாவைத் தொட்டுப் பார்ப்பவர்களே அவர்கள்தான்.

விற்கலாமே என்றார்கள்

அக்கம்பக்கத்தில் விஷயம் பரவியதும், "ஏங்க, இதை ஆர்டர் எடுத்துச் செய்யலாமே! ஹாஸ்டல்ல இருக்கற பொண்ணுங்க எல்லாம் வாங்குவாங்களே" என்று பலரும் சொன்னார்கள். அப்படிச் செய்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய சகோதரிகளை நான் மனதாரப் பாராட்டுகிறேன். செய்ய விரும்புபவர்கள் ஒன்றை மறக்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டப்படி, வீட்டில் செய்து விற்றாலும் பதிவு செய்துகொள்ள வேண்டும். உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் விவரம் கேட்டால் சொல்வார்கள். செய்த தேதியை எழுதி ஒட்டுவதும், முட்டை, பால், வேர்க்கடலை சேர்ந்திருந்தால் சொல்லிவிடுவதும் நம் கடமை. வேர்க்கடலை சிலர் உடம்புக்கு ஆகவே ஆகாது.

நான் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "வருமானத்தை யாராவது விடுவாங்களா?" என்று என் அண்ணிகூடக் கேட்டார்கள். காசுக்குச் செய்ய ஆரம்பித்தால், சனிக்கிழமை ராத்திரி நான் கண் விழிக்கணும், பிள்ளைகள் டப்பா கட்டணும், அவர் வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்கணும். எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு ஷிப்ட் ஆகிவிடும்! ஆறு நாள் கம்பெனிக்குக் கொடுக்கிறோம். ஏழாவது நாள் எங்களுக்கு இருக்கட்டுமே. நாளைக்கு நிலைமை மாறினால், கையில் கற்ற தொழில் இருக்கிறது, அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

புதிதாகத் தொடங்கும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்:

* முதல் தடவையே கேக்கில் இறங்காதீர்கள். தோசைக்கல்லில் செய்யும் பலகாரத்தில் ஆரம்பியுங்கள். கை பழகியபின் இட்லிப் பானை, அதன்பின் மணல் சட்டி.

* ஈஸ்ட் சின்னப் பொட்டலமாக வாங்குங்கள். பிரித்ததை இறுக்கமாக மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

* எல்லாவற்றையும் ஒரே டம்ளரால் அளந்தாலே பாதிக் கஷ்டம் குறையும்.

* ஓவன் வாங்கியே ஆகணும் என்று தவணை கட்டாதீர்கள். ஆறு மாதம் விடாமல் செய்கிறோமா என்று பார்த்துவிட்டு வாங்கலாம். 1500 வாட் ஓவன் ஒரு மணி நேரம் முழுச் சூட்டில் ஓடினால் ஒன்றரை யூனிட் கரண்ட். அதையும் கணக்கில் வையுங்கள்.

* இனிப்பும் மைதாவும் தினசரிக்கு ஆகாது. மாதம் இரண்டு நாள் போதும். சர்க்கரை வியாதி உள்ள பெரியவர்களுக்குப் பூரணத்தில் இனிப்பு இல்லாமல், காரமாகப் பயறும் வெங்காயமும் வைத்துத் தனியாக இரண்டு செய்துவிடுங்கள். எங்கள் அத்தைக்கு அப்படித்தான். அதில்தான் ருசி அதிகம் என்று பிள்ளைகளும் பிடுங்கிக்கொள்கிறார்கள்!

* முக்கியமாக, எல்லாவற்றையும் நீங்களே செய்யாதீர்கள். ஆளுக்கொரு வேலை கொடுங்கள். மாவு சிந்தினால் சிந்தட்டும். ஆண் பிள்ளையாக இருந்தாலும் பாத்திரம் கழுவுவது வரை பழக்குங்கள். எங்கள் வீட்டில் மணல் சட்டி கழுவுவது என் மகன் வேலை.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் மாவுப் பக்குவத்தை அவர்களிடம் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாத வெளிநாடா என்ன? அடுத்த ஞாயிறே தோசைக்கல்லை அடுப்பில் போட்டுப் பாருங்களேன், சகோதரிகளே!

– ஒரு வாசகி, ஒரகடம்.